முதற்புதினம் தந்த முன்சீப்

கதை கேட்பதில் விருப்பம் இல்லாதார் உலகில் எவரும் இலர். தமிழ் மக்களும் இவ்விருப்பத்தில் எந்நாட்டவர்க்கும் பின்னிட்டவர் அல்லர். ஆயினும் இந்நாட்டில் கதையானது நெடுங்காலம் இரண்டு வழிகளிலேயே நடந்து வந்தது. பாட்டி சொல்லிய கதை பேச்சு மொழியில் இருந்தது. அதனை எழுதி வைப்பார் அரியர். புலவர் எழுதிய கதை செய்யுளில் இருந்தது; யாப்பும் அணியும் பயின்றவரே அதனைத் தாமாகப் படித்து உணர முடிந்தது. ஏனையோர், கற்றவர் ஒருவர் படித்துப் பொருள் கூறக் கேட்டு மகிழ்ந்தனர். எழுத்தறிந்த எவரும் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஆசிரியர் துணை வேண்டாது, தாமே படித்து இன்புறத்தக்கதாக ஒருவர் புதிதாகப் புனைந்த நெடுங்கதை 1879ஆம் ஆண்டு வரையில் தமிழில் அச்சேறவில்லை. அக்குறையைத் தீர்த்தவர், புலமையையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் அல்லர். நாள்தோறும் வழக்குக் கேட்டுத் தீர்ப்பு எழுதிய முன்சீப் ஒருவர். அவரே மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூர் என்னும் ஊரில், 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் வேதநாயகர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கியமரியம்மாள். குடும்பம் கிறித்தவ நெறியைச் சார்ந்தது. அக்காலத்தில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினர்; ஓலையில் எழுதினர்; ஆத்திசூடி முதலான நீதி நூல்களைப் பொருள் விளங்குமுன்னரே மனப்பாடம் செய்தனர். இளமையில் நெஞ்சில் ஊன்றிய அந்நூல்களின் பொருள், வயது ஏற ஏறத் தானே விளங்கிக்கொள்ளும் என்பது பழைய ஆசிரியர்களின் நம்பிக்கை. வேதநாயகரைப் பொறுத்த வரையில் அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. அவர் பின்னாளில் எழுதிய நூல்கள் அனைத்திலும் திருக்குறளின் நிழல் படிந்திருப்பதைக் காணலாம்.

வளர்ந்தபின் திருச்சிராப்பள்ளியில் தியாகராய பிள்ளை என்பவரிடம் தமிழையும் ஆங்கிலத்தையும் கற்றார். அவ்வாசிரியர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மாணவரும் ஆசிரியர் சென்ற வழியே சென்றார். முதலில் நீதிமன்ற ஆவணங்களைக் காக்கும் வேலையிலும், பின்னர் மொழிபெயர்ப்பு வேலையிலும் அமர்ந்தார்.

இவ்வேலையைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். நீதிபதி ஆங்கிலேயர், வழக்காடுவோர் தமிழர். நிலத்தை இழந்த உழவனும், நகையைப் பறிகொடுத்த கைம்பெண்ணும், கடன் கொடுத்து ஏமாந்த வணிகனும் தத்தம் சொற்களால் தத்தம் கதையைச் சொல்வர். அவர் சொல்லும் கதையில் அணி இல்லை. ஆயினும் உயிர் உண்டு. அதனைப் பொருள் குறையாமலும் கூடாமலும் வேற்று மொழியில் பெயர்த்து நீதிபதிக்கு விளங்க வைத்தல் மொழிபெயர்ப்பாளர் கடமை. ஒரு சொல் தவறினால் ஒரு குடும்பம் கெடும். எளிய மக்களின் பேச்சை இவ்வளவு கருத்துடன் செவியேற்கும் வாய்ப்பு அக்காலப் புலவர் பலர்க்கும் கிட்டியதில்லை. வேதநாயகர் உரைநடை கற்ற பள்ளி இதுவே என்று நான் கருதுகிறேன். செய்யுள் நூல்கள் அவருக்கு அறத்தைக் கற்பித்தன. நீதிமன்றமோ மனிதரைக் கற்பித்தது.

1857ஆம் ஆண்டில் அவர் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடிக்குச் சென்றார். தரங்கம்பாடி அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை டேனிஷ்காரர் வசம் இருந்த கடற்கரைப் பட்டினம். சீகன்பால்கு என்னும் செர்மானியப் பாதிரியார் அச்சுப்பொறி நிறுவித் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டது அவ்வூரிலேதான். புதிய ஏற்பாடு அங்கே 1715ஆம் ஆண்டிலேயே தமிழில் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. ஓலையில் ஓர் ஏட்டைப் படியெடுக்கப் பல நாள் வேண்டும்; அச்சிலோ ஒரே நாளில் பல படிகள் எடுக்கலாம். ஓலையில் எழுதுவோர் சொல்லைச் சுருக்கியே எழுதுவர். மனப்பாடம் செய்வதற்கும் செய்யுளே ஏற்றது. அச்சும் தாளும் வந்தபின் சுருக்கத்துக்கும் மனப்பாடத்துக்கும் அவ்வளவு தேவை இல்லாது போயிற்று. உரைநடை வளர்ந்ததற்கு இதுவும் ஒரு பெருங் காரணம்.

தரங்கம்பாடியிலிருந்து சீகாழிக்கும், பின்னர் மாயூரத்துக்கும் அவர் மாற்றப்பட்டார். மாயூரத்தில் நெடுங்காலம் பதவி வகித்தமையால் அவ்வூர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கைக்கூலி வாங்காத முன்சீப் என்று பெயர் எடுத்தார். 1859ஆம் ஆண்டில் அவர் இயற்றிய நீதிநூல் வெளிவந்தது. அது செய்யுள் நூல். கைக்கூலி வாங்குவோரை இகழ்ந்து பாடுதற்கென்றே அதில் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நீதிமன்றத்தில் இருந்துகொண்டே நீதிமன்றத்தின் குறைகளைப் பாடிய துணிவு பாராட்டத்தக்கது.

அடுத்து அவர் செய்த பணி பலர் அறியாதது. 1805 முதல் 1861 வரையில் சென்னையிலிருந்த மேல் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. தமக்குரிய சட்டம் யாது என்று அறியக் குடிமக்களுக்கு வழி இல்லை. வேதநாயகர் அத்தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சுருக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். சட்டத்தை இவ்வாறு தமிழ் உரைநடையில் எழுதிய கையே பின்னர்க் கதையை எழுதியது.

அவருடைய நண்பர் குழாம் பெரிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர்மீது குளத்துக்கோவை என்னும் நூலைப் பாடியவர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவருடன் பழகியவர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவராய் விளங்கிய சுப்பிரமணிய தேசிகரும் அவரிடம் பேரன்பு கொண்டிருந்தார். கிறித்தவரான முன்சீப் ஒருவரும் சைவ மடத்துத் தலைவரும் தமிழால் ஒன்றுபட்டனர். இத்தகைய சூழலில் வாழ்ந்தவர் கோவையும் கலம்பகமும் பாடிக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம். புலவர் கூட்டம் அவரைப் போற்றவும் செய்திருக்கும். அவர் ஏன் உரைநடைக்குத் திரும்பினார் என்பதே அவர் வாழ்வில் நாம் ஆராயத்தக்க வினா.

அதற்கு விடை அவருடைய பெண்கல்வி என்னும் நூலில் தொடங்குகிறது. அது 1869இல் வெளிவந்த உரைநடை நூல். பெண்களுக்கு எழுத்துக் கற்பிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். வாதாடியவுடன் ஓர் இடர் எதிரே நின்றது. ஒரு பெண் ஓராண்டு முயன்று எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று கொள்வோம். அடுத்து அவள் எதைப் படிப்பாள்? இராமாவதாரத்தை எடுத்தால் உரையாசிரியர் வேண்டும். சிந்தாமணியை எடுத்தால் நிகண்டும் இலக்கணமும் வேண்டும். பள்ளிக்கு நெடுநாள் செல்ல இயலாத ஆண்மக்கள் நிலையும் அதுவே. படிப்பதற்கு ஏற்ற நூல் இல்லாதபோது கற்ற எழுத்தும் மறந்துபோகும். தமிழில் உரைநடை நூல்கள் போதிய அளவு இல்லாமை நாட்டுக்கே ஒரு கேடு என்பதை அவர் உணர்ந்தார்.

உரைநடையே அந்நாளில் இல்லை என்று மாணவர்கள் எண்ணிவிடலாகாது. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பரமார்த்த குரு கதையை நகைச்சுவை ததும்ப எழுதியிருந்தார். தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதையை உரைநடையாக்கி 1826இல், அதாவது வேதநாயகர் பிறந்த ஆண்டிலேயே, வெளியிட்டார். ஆறுமுக நாவலர் பெரிய புராணத்தைப் பிழையற்ற உரைநடையில் வடித்துத் தந்தார். ஆயினும் இவற்றுள் முதலாவது சிறு கதைகளின் கோவை; மற்றவை பழங்கதைகளின் மறு வடிவம். புதிதாக மனிதரைப் படைத்து, அவர்தம் பிறப்பும் கல்வியும் மணமும் பிரிவும் கூடலும் தொடர்ச்சியாகக் கூறும் நூல் வேறு. ஆங்கிலேயர் அதனை நாவல் என்பர். நாம் புதினம் என்கிறோம். வங்காளத்தில் பங்கிம் சந்திரர் 1865இல் அத்தகைய நூலைத் தம் மொழியில் தந்துவிட்டார்.

1872ஆம் ஆண்டில் வேதநாயகர் பதவியை விட்டு நீங்கினார். ஓய்வு அவருக்கு ஓய்வாக இல்லை. 1876 முதல் 1878 வரையில் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் கூறும் கொடும் பஞ்சம் நாட்டை வாட்டியது. மாயூரத்தில் அவர் கஞ்சித் தொட்டி அமைத்துப் பசித்தவர்க்கு உணவிட்டார். பிறரையும் கொடுக்குமாறு வேண்டினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைக் கண்டு உருகிக் கீர்த்தனை பாடினார். பஞ்சம் தணிந்த மறு ஆண்டில், 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. பசித் துயரை அவ்வளவு அருகில் கண்டவர் எழுதிய நூலில் நகைச்சுவை நிறைந்திருப்பது வியப்பன்று. துன்பம் கண்டு கசந்து போகாத உள்ளத்திலேயே நல்ல நகை பிறக்கும்.

அந்நூலின் முன்னுரையில் தம் நோக்கத்தை அவரே விளக்கியிருக்கிறார். தமிழில் உரைநடை நூல் இல்லாக் குறையை நீக்குதல் ஒன்று; தம் நீதிநூல் முதலியவற்றில் கூறிய அறங்களைக் கதை வாயிலாக எடுத்துக்காட்டுதல் மற்றொன்று. கதையின் தலைமை மாந்தரை முற்றிலும் நல்லவராகவே படைத்திருப்பதாகவும், அதில் சாமுவேல் ஜான்சன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் கருத்தைப் பின்பற்றியதாகவும் கூறுகிறார். ஜான்சன் 1750இல் எழுதிய ஒரு கட்டுரையில் கதை எழுதுவோர் கடமையைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். அரக்கரும் மாயக் கோட்டையும் நிறைந்த பழங்கதைகளால் இளைஞர்க்குத் தீங்கில்லை. அவ்வுலகம் தம் உலகன்று என்பதை அவர் அறிவர். ஆனால் புதுக்கதையின் தலைவன் நம் தெருவில் நடமாடும் மனிதனைப் போன்றவன். அவனைக் கண்டு இளைஞர் தம் ஒழுக்கத்தை அமைத்துக்கொள்வர். ஆதலால் தீமையை அழகுபடுத்திக் காட்டலாகாது என்பது அக்கட்டுரையின் சாரம். இக்கொள்கை சரியா, தவறா என்பதில் அறிஞர் இன்னும் ஒருமுடிவுக்கு வந்திலர். முற்றும் நல்லவரான மனிதர் உலகில் அரியர் அல்லவா?

இனிக் கதையைக் காண்போம். சத்தியபுரியில் செல்வக் குடியில் பிறந்த பிரதாபன் தன் கதையைத் தானே சொல்லுகிறான். செல்வர்க்குக் கல்வி எதற்கு என்று அவன் இளமையில் எண்ணுகிறான். வீட்டார் கொடுக்கும் செல்லத்தால், அவன் செய்யும் பிழைக்கு ஆசிரியர் மகன் கனகசபை அடி வாங்குகிறான். இவ்வறியாமையை அவன் தாய் சுந்தரத்தண்ணியின் அறிவே மாற்றுகிறது. மாமன் மகள் ஞானாம்பாள் அவனுடன் கற்கிறாள். அவனினும் மேலாகக் கற்கிறாள். அவர்கள் திருமணத்துக்குப் பெரியோர் பிணக்குத் தடையாகிறது. மணந்தபின் இருவரும் பிரிய நேர்கிறது. பிரதாபன் விக்கிரமபுரி என்னும் ஊரை அடைகிறான். அவ்வூரில் ஆட்சி சீர்கெட்டுக் கிடக்கிறது.

அங்கே அவனுக்கு நேர்ந்த துன்பம் கேளுங்கள். பழுதான செருப்பைத் தைக்குமாறு ஒருவனிடம் கொடுத்து, அவனைச் சந்தோஷப்படுத்துவதாகக் கூலி பேசுகிறான். தைத்தவனோ, எவ்வளவு கொடுத்தாலும் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று வழக்குத் தொடுக்கிறான். சொன்ன சொல்லை நிறைவேற்றாத குற்றத்துக்காகப் பிரதாபன் சிறைப்படுகிறான். கணவனைத் தேடி ஆண் உடையில் வந்த ஞானாம்பாளுக்கோ, அரசனைத் தேர்ந்தெடுக்க விடப்பட்ட யானை மாலை சூட்டிவிடுகிறது. அரசிருக்கையில் அமர்ந்து அவள் அவ்வழக்கைக் கேட்கிறாள். புதிய அரசர் பட்டம் ஏறியது உனக்குச் சந்தோஷந்தானா என்று வழக்கிட்டவனை வினவுகிறாள். இல்லை என்று சொல்ல அவனுக்குத் துணிவு ஏது? சந்தோஷமே என்கிறான். அவன் வேண்டிய சந்தோஷம் கிடைத்துவிட்டது, வழக்கும் தீர்ந்தது.

இந்நிகழ்ச்சியைக் கதை நுட்பம் தெரிந்தவர் இருமுறை படிப்பர். யானை மாலை சூட்டி அரசனைத் தேர்தல் பாட்டி கதையில் வருவது. சொல்லைச் சொல்லால் வெல்லும் தீர்ப்பு மரியாதைராமன் கதையை ஒத்தது. நீதிமன்றத்தின் மூடத்தனத்தை எள்ளும் நகை, பல ஆண்டு நீதிபதியாய் இருந்தவருடைய அனுபவம். பெண் ஒருத்தி ஆளத் தக்கவள் என்பதோ பெண்கல்வி நூலின் வாதம். நான்கும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்து ஒரே காட்சியாகப் பொருந்தி நிற்கின்றன. பெண்கல்வி வேண்டும் என்று ஒரு நூல் முழுவதும் வாதாடியபோது மறுத்தவர் பலர் இருந்திருப்பர். ஞானாம்பாள் தீர்ப்புக் கூறும்போது நகைத்தவர், நகைத்த பின்னர் எவ்வாறு மறுப்பர்? கட்டுரை செய்ய இயலாததைக் கதை செய்வது இவ்வாறே.

தலைவனே தன் கதையைச் சொல்லும் முறையும் கருதத்தக்கது. அறிவுரை கூறுவோன் உயர்ந்த இடத்தில் நிற்பவன். அவனைக் கண்டு நாம் சிறிது ஒதுங்குவோம். தன் பிழையைத் தானே சொல்லிச் சிரிப்பவனிடமோ நெருங்கி அமர்வோம். பிரதாபன் நல்லவன் என்று முன்னுரை சொன்னாலும், அவன் பேதைமையே நம்மை அவன்பால் ஈர்க்கிறது. நூலாசிரியர் கொள்கையினும் அவர் கை நுட்பம் மிக்கதாய் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

குறைகளும் உள. கதை சென்றுகொண்டிருக்கும்போதே இடையில் ஒரு கிளைக்கதை நுழைகிறது. அதனுள் மற்றொன்று முளைக்கிறது. சில அதிகாரங்களில் கதை மாந்தர் பேச்சு நின்று, முன்சீப் அவர்களின் சொற்பொழிவு தொடங்கிவிடுகிறது. அச்சொற்பொழிவுகளுள் ஒன்றைமட்டும் நீக்க எனக்கு மனம் வராது. தமிழர் வழக்கைத் தமிழரான நீதிபதி முன்னிலையில், தமிழரான வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிப்பது எத்துணைக் கொடுமை என்பதை எடுத்துரைக்கும் பகுதி அது. தன் நிலம் போவதும் நிற்பதும் எதனால் என்று அறியாமல், கைகட்டி நிற்கும் குடியானவனை நெடுங்காலம் எதிரே கண்டவருடைய சொல் அது. கதை அங்கே சிறிது தளர்ந்தாலும் உண்மை தளரவில்லை.

நடையைப் பற்றியும் ஒரு சொல். வடசொற்கள் மிகுதியாக உள. அது அக்கால வழக்கு. வாக்கியங்கள் சில இடங்களில் நீண்டு செல்லும். ஆயினும் வாய்விட்டுப் படித்தால் மூச்சுத் திணறுவதில்லை. பேசும் நடையை அடியாகக் கொண்டு எழுதப்பட்ட நூல் ஆதலின், காதினால் படிப்பவர்க்கே அதன் இனிமை தோன்றும். பழைய நூலைக் கண்ணால் விரைந்து ஓட்டுபவர், முதல் சில பக்கங்களிலேயே சலித்து மூடிவிடுவர். யாப்புப் பயின்ற எம்போன்றோர் உரைநடையையும் செய்யுளைப் போலவே ஓசையுடன் படிப்பது வழக்கம். அவ்வழக்கம் இந்நூலுக்கு மிகவும் உதவுகிறது.

உரைநடைக்கு வந்தபின் அவர் பாட்டை விட்டுவிடவும் இல்லை. 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வெளிவந்தது. சமய வேறுபாடு கருதாது எல்லாரும் பாடத்தக்க அப்பாடல்களைச் சங்கீத வித்துவான்கள் விரும்பிப் பாடினர். 1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் புதினத்தை வெளியிட்டார். முதல் நூலின் பொலிவு அதற்கு வாய்க்கவில்லை. 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் அவர் காலமானார். மலையாளத்தில் சந்து மேனன் எழுதிய இந்துலேகா என்னும் பெயர்பெற்ற புதினம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

வேதநாயகர் பதவி நீங்கிய 1872ஆம் ஆண்டில் வத்தலக்குண்டில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னர் இராஜம் ஐயர் என்று பெயர்பெற்றது. கம்பனையும் ஆங்கில இலக்கியத்தையும் ஆழ்ந்து கற்ற அவ்விளைஞர், 1893 முதல் விவேக சிந்தாமணி என்னும் இதழில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடர்கதையாக எழுதினார். அதில் வரும் மாந்தர் முற்றும் நல்லவர் அல்லர்; முற்றும் தீயவரும் அல்லர். ஊர் வம்பு பேசுகின்றனர், ஐயுறுகின்றனர், பின் வருந்துகின்றனர். ஜான்சன் கொள்கையைச் சிறிதும் கருதாமல், தாம் கண்ட ஊரையே அவர் எழுதிவிட்டார். அந்நூலில் படிப்போரை மிகுதியும் நகைக்க வைப்பவர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை. அவர் ஒரு தமிழ்ப் பண்டிதர். வாய் திறந்தால் செய்யுளன்றி வேறு வாராது. பண்டிதர்களாகிய நாங்களும் சிரித்துக்கொண்டுதான் அதைப் படிக்கிறோம்.